கருப்பு லேப்ரடார் ஜோடிக்கு மஞ்சள் குட்டிகள்: கலப்பா, பரம்பரையா?

நீங்கள் எழுதியதில் இருந்து நான் புரிந்துகொண்டது இது. திருநகரில் உங்கள் வீட்டில் ஒரு கருப்பு லேப்ரடார் பெட்டை. அய்யர் பங்களாவில் இருக்கும் ஒரு கருப்பு ஆண் நாயோடு இணை சேர்த்தீர்கள். எட்டுக் குட்டிகள். ஐந்து கருப்பு, மூன்று வெளிர் மஞ்சள். கருப்புக் குட்டிகளில் ஒன்றுக்கு நெஞ்சில் காசு அளவு வெள்ளைப் பொட்டு. பக்கத்து வீட்டுக்காரர், "தெருநாய் ஏறியிருக்கும், கவனிக்காம விட்டிருப்பீங்க" என்கிறார். ஆண் நாயின் சொந்தக்காரரோ, "மஞ்சள்தான் கனடாவோட ஒரிஜினல் லேப், கருப்பு பின்னாடி கலந்தது, உங்களுக்கு யோகம்தான்" என்கிறார். குட்டி பார்க்க வந்த ஒருவர், பனி நாட்டு நாய் மதுரை வெயிலுக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னதும், இந்த இனம் எங்கிருந்துதான் வந்தது, அதன் பூர்வீக நிறம் எது என்று கேட்கிறீர்கள். வரலாற்றுக் கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது, என் நாய் ஒரிஜினலா, இந்தக் குட்டிகளை லேப் என்று சொல்லிக் கொடுக்கலாமா என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மாடு, ஆடு, நாய் என்று எல்லாம் பார்த்து, கடைசிப் பல வருடங்களாக நாய் பூனை மட்டும் பார்க்கிறேன். மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் அல்ல. அந்த ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டு, கிளினிக்கில் கண்டதோடு ஒட்டிப் பார்ப்பவன். நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்து எட்டுக் குட்டிக்கும் தகப்பன் யார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இரண்டு விஷயம் உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டு கருப்பு லேப்ரடாருக்கு மஞ்சள் குட்டி பிறப்பது கலப்புக்கு அத்தாட்சி இல்லை. மஞ்சள்தான் மூல நிறம் என்பதும் உண்மை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் தப்பு, நாய்க்காரரும் தப்பு. வெயில் பற்றிச் சொன்னவர் மட்டும் பாதி சரி.

முதலில் ஊரைச் சரி செய்வோம். லேப்ரடாரின் மூதாதை, லேப்ரடார் என்ற நிலப்பகுதியைச் சேர்ந்தது இல்லை. அதற்குத் தெற்கே, ஒரு குறுகிய ஜலசந்திக்கு அந்தப் பக்கம் இருக்கும் நியூஃபவுண்ட்லாண்ட் தீவைச் சேர்ந்தது. இப்போது இரண்டும் சேர்ந்து கனடாவின் ஒரே மாகாணம். அந்தத் தீவின் தலைநகரான செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தை வைத்து, அந்த நாயை செயின்ட் ஜான்ஸ் நீர்நாய் என்று எழுதினார்கள். நம் ஊரில் நீர்நாய் என்றால் ஆற்றில் மீன் பிடிக்கும் வேறொரு பிராணி. இது தண்ணீரில் வேலை செய்யும் நாய். நடுத்தர உயரம், ஒட்ட வெட்டியது போன்ற குட்டை முடி, கருப்பு உடம்பு. நெஞ்சில், பாதங்களில், சிலதுக்கு முகவாயில் வெள்ளை. பழைய புகைப்படங்கள் கிடைக்கின்றன. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு விளாங்குடிப் பக்கம் நிறுத்தினால், யாரும் அதை வெளிநாட்டு நாய் என்று நம்ப மாட்டார்கள்.

அது செய்த வேலையைப் புரிந்துகொண்டால் இன்றைக்கு உங்கள் வீட்டுச் சோபாவில் படுத்திருக்கும் நாய் பாதி புரிந்துவிடும். நியூஃபவுண்ட்லாண்டைச் சுற்றியுள்ள கடலில் காட் என்ற மீன் மலைமலையாகக் கிடைத்தது. 1497இல் ஜான் கபோட் அந்தப் பக்கம் போய் வந்த பிறகு போர்த்துகீசியர், பாஸ்க் இனத்தவர், பிரெஞ்சுக்காரர், இங்கிலாந்தின் தென்மேற்குக் கரை மீனவர்கள் எல்லாரும் வருடாவருடம் கப்பல் கட்டிக்கொண்டு போனார்கள். பிடித்த மீனைக் கரையில் பரண் கட்டி, உப்பு தடவி, காய வைத்து, ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். நம் கணக்கில் கருவாட்டு வியாபாரம்தான், கண்டம் விட்டுக் கண்டம். அந்தத் தொழிலில் நாய்க்கு இடம் இருந்தது. தூண்டிலில் இருந்து நழுவும் மீனைப் பாய்ந்து பிடிப்பது, படகுக்கும் கரைக்கும் இடையே கயிற்றின் நுனியைக் கவ்விக்கொண்டு நீந்துவது, வலையின் மிதவையை இழுத்து வருவது. உறைபனிக் கடலில் நீந்தும் நாய்க்கு நீள முடி இருந்தால் முடி முழுக்க ஐஸ் கட்டி ஏறிவிடும். அதனால் குட்டையான, எண்ணெய்ப் பசையுள்ள, அடியில் கம்பளி போல இன்னொரு அடுக்கு வைத்த முடிதான் அங்கே எடுபட்டது. தடித்த வால் சுக்கான் மாதிரி உதவியது. வாயில் கவ்வியதைக் கடித்துக் குதறாமல் கொண்டுவரும் நாயைத்தான் மீனவர் வைத்துக்கொள்வார். மற்றதுக்கு யார் சோறு போடுவது?

அந்த நாய்களுக்கும் முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால், அங்கேதான் உறுதி முடிந்து ஊகம் தொடங்குகிறது. இங்கிலாந்து மீனவர் கொண்டுபோன வேட்டை நாய், போர்த்துகீசிய மீனவரின் நீந்தும் நாய், போர்த்துகல் மலைப் பகுதியின் காவல் நாய், பிரெஞ்சுக்காரரின் கருப்பு மோப்ப நாய் என்று ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் தருவார்கள். பல நாட்டுக் கப்பல்கள் வந்து போன துறைமுகம். கட்டிப் போடாத நாய்கள். எது எதோடு சேர்ந்தது என்று அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால், கப்பலில் வந்த ஐரோப்பிய வேலை நாய்களின் கலப்பு என்ற அளவில் நம்பலாம். அதற்கு மேல் இன்ன இனம் இத்தனை பங்கு என்று சதவீதக் கணக்குச் சொல்பவரை நம்ப வேண்டாம். பெரிய உடம்பும் அடர்ந்த முடியும் கொண்ட நியூஃபவுண்ட்லாண்ட் நாயும் இதே தீவின் வாரிசுதான். இன்றைய மரபணு ஆய்வுகளிலும் அது, விழுந்த வேட்டையைக் கவ்வி வரும் ரிட்ரீவர் நாய்களான லேப்ரடார், கோல்டன், ஃப்ளாட் கோட்டட் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆக உறவு மெய், உறவுமுறை மட்டும் மங்கல்.

இந்த மீனவர் நாய் துரை வீட்டு நாயான கதைக்கு எழுத்து ஆதாரம் உண்டு. இங்கிலாந்தின் தென்கரையில் பூல் என்ற துறைமுகம் நியூஃபவுண்ட்லாண்டோடு மும்முரமாக வியாபாரம் செய்தது. உப்பு மீன் ஏற்றி வந்த கப்பல்களில் நாய்களும் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பூலுக்கு அருகே ஹெரன் கோர்ட் என்ற மாளிகையில் இருந்த இரண்டாம் மால்ம்ஸ்பரி பிரபு அவற்றை வாங்கி, சதுப்பு நிலத்தில் வாத்து வேட்டைக்குப் பழக்கினார். மீனைக் கவ்வி வந்த வாய் வாத்தைக் கவ்வி வந்தது, அவ்வளவுதான் மாற்றம். அவருடைய மகன், மூன்றாம் பிரபு, 1887இல் எழுதிய கடிதம் ஒன்று இந்த இனத்தின் வரலாற்றில் எல்லாரும் காட்டும் சான்று. நாங்கள் இவற்றை எப்போதும் லேப்ரடார் நாய்கள் என்றே அழைத்தோம், பூலில் கிடைத்த முதல் நாயில் இருந்து முடிந்த அளவு சுத்தமாக வைத்திருக்கிறேன், தண்ணீரை எண்ணெய் போல வழியவிடும் நெருங்கிய முடியும், ஆற்றில் மீன் பிடிக்கும் அந்த நீர்நாயினுடையது போன்ற வாலும்தான் அடையாளம் என்பது அதன் சாரம். "முடிந்த அளவு" என்று அவரே சொல்கிறார் பாருங்கள். நம் ஊர் புரோக்கர்கள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் பக்ளூ டியூக் குடும்பமும் தனியாக நியூஃபவுண்ட்லாண்டில் இருந்து நாய்களை வரவழைத்து வளர்த்தது. இரண்டு பக்கமும் வெகு நாள் தொடர்பே இல்லை. 1880களில் ஆறாவது பக்ளூ டியூக் தெற்கே வேட்டைக்கு வந்தபோது மால்ம்ஸ்பரியின் நாய்களைப் பார்த்து வியந்தார். அவருக்குச் சில நாய்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் நெட், ஏவன் என்ற இரண்டு ஆண் நாய்களை இன்றைய லேப்ரடார்களின் முப்பாட்டன்கள் என்று இன வரலாறு எழுதுவோர் குறிப்பிடுகிறார்கள். இரண்டுமே கருப்பு.

அந்த நேரத்தில் செயின்ட் ஜான்ஸ் நாய்கள் சொந்த ஊரிலேயே அழிந்துகொண்டிருந்தன என்பதுதான் வேதனை. நியூஃபவுண்ட்லாண்டில் ஆடு வளர்ப்பைப் பெருக்க வேண்டும் என்று அரசு நினைத்தது. ஆட்டுக்கு நாய் ஆகாது. 1780இலேயே ஆளுநர் ஒருவர் வீட்டுக்கு ஒரு நாய்தான் என்று கட்டுப்பாடு போட்டார். 1885இல் ஆடுகளைக் காக்கும் சட்டம் வந்து, நாய்க்குத் தடையும் வரியும் விதிக்க வழி திறந்தது. பெட்டை நாய்க்குக் கூடுதல் வரி என்றால் ஏழை மீனவர் பெட்டைக் குட்டியை வளர்ப்பாரா? இந்தப் பக்கம் இங்கிலாந்து, வெறிநாய்க்கடிக்குப் பயந்து, 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் வெளிநாட்டு நாய்களின் வரத்தை இறுக்கியது. புது ரத்தம் நின்றது. செயின்ட் ஜான்ஸ் நாய் படிப்படியாகக் குறைந்து, 1980 வாக்கில் ஒரு ஒதுக்குப்புற மீனவக் கிராமத்தில் இரண்டே இரண்டு கிழட்டு நாய்கள் படமெடுக்கப்பட்டன. இரண்டும் ஆண். அதோடு அந்த வம்சம் முடிந்தது.

எனவே யாராவது உங்களிடம் "கனடா ப்ளட்லைன், பூர்வீக லேப்" என்றால், பூர்வீக நாய் உலகத்தில் எங்கும் உயிரோடு இல்லை என்று சொல்லலாம். இன்று இருப்பது அதன் இங்கிலாந்து வாரிசு. அந்த வாரிசும் கலக்காமல் வந்தது இல்லை. கப்பல் வரத்து குறைந்த பத்தாண்டுகளில் பிரபுக்கள் கைக்குக் கிடைத்த மற்ற ரிட்ரீவர் நாய்களோடு சேர்த்துத்தான் வம்சத்தைக் காப்பாற்றினார்கள். 1903இல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான இங்கிலாந்தின் கென்னல் கிளப் லேப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது. அதற்குப் பிறகும், பாதி ஃப்ளாட் கோட்டாக இருந்தாலும் பார்வைக்கு லேப் மாதிரி இருந்தால் லேப் என்று பரிசு வாங்கிக்கொண்டு போகிறதே என்று சண்டை வந்தது. அந்தக் கவலையும் சேர்ந்துதான் 1916இல் லேப்ரடார் ரிட்ரீவர் கிளப் தோன்றியது. ஆகவே ஒரிஜினல் என்பதற்கு உருப்படியான பொருள் ஒன்றுதான் இருக்கிறது: வேறு இனக் கலப்பைச் சேர்க்காமல் பதிவேடு மூடப்பட்ட பிறகு, பதிவான தாய்க்கும் பதிவான தகப்பனுக்கும் பிறந்த குட்டி. அதற்கு முந்திய சுத்தம் எதுவும் கிடையாது. நம் பக்கத்துக் கன்னி, சிப்பிப்பாறை வேட்டை நாய்கள் காகிதம் இல்லாமலே பல தலைமுறை நிலைத்தன. ஓடாத நாயைக் கரிசல்காட்டு வேட்டைக்காரர் அடுத்த ஈத்துக்குச் சேர்க்கவில்லை, அதுவே அங்கே பதிவேடு. லேப்ரடாருக்கும் மீனவர் கையில் இருந்தவரை அப்படித்தான். எனக்கு அந்த முறைமேல் காகிதத்தைவிட மரியாதை அதிகம். ஆனால் உங்கள் குட்டிகளுக்கு இன்றைக்குக் காகிதம்தான் பேசும்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் கேள்விக்கு வரலாறே சாட்சி சொல்கிறது. பதிவான முதல் மஞ்சள் லேப்ரடார் என்று சொல்லப்படுவது பென் ஆஃப் ஹைட் என்ற நாய். 1899இல் ராட்க்ளிஃப் என்ற ராணுவ அதிகாரியின் பட்டியில் பிறந்தது. அதன் தாயும் கருப்பு, தகப்பனும் கருப்பு. உங்கள் வீட்டில் நடந்ததேதான். அதற்கு முன்னும் மஞ்சள் குட்டிகள் பிறந்திருக்கும். கருப்பையே விரும்பிய வளர்ப்பவர்கள் அவற்றைக் கழித்துவிட்டார்கள் என்று பரவலாகச் சொல்கிறார்கள். இயற்கையைப் பார்த்தால் அது நடந்திருக்கக் கூடியதுதான், எண்ணிக்கைதான் யாரிடமும் இல்லை. மஞ்சள் லேப்பை லேப் என்று ஒப்புக்கொள்ள வைக்கவே அதன் ஆர்வலர்கள் 1920களில் தனிச் சங்கம் வைக்க வேண்டியிருந்தது. மஞ்சள்தான் மூலம் என்று உங்களிடம் சொன்ன நண்பர் அந்தக் காலத்து இங்கிலாந்தில் பேசியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

காரணம் இது. நாயின் முடிக்குக் கருப்பு நிறமியை ஏற்றச் சொல்லும் ஒரு மரபணு உண்டு, எம்சி1ஆர் என்பார்கள். ஒவ்வொரு நாய்க்கும் அதில் இரண்டு பிரதி, தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று. ஒரு பிரதி நன்றாக இருந்தாலே முடி கருப்பாகிவிடும். இரண்டும் பழுதாக இருந்தால்தான் முடிக்குக் கருப்பே ஏறாது, நாய் மஞ்சள். ஆகவே பழுதான ஒரு பிரதியை ஒளித்து வைத்திருக்கும் கருப்பு நாய் பார்வைக்குக் கருப்புதான், துளியும் வித்தியாசம் தெரியாது. அப்படி இரண்டு கருப்பு நாய்கள் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டியும் மஞ்சளாகப் பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு. எட்டில் இரண்டு எதிர்பார்க்கலாம்; மூன்று வந்திருக்கிறது, அதில் அதிசயம் இல்லை. சாக்லேட் நிறம் வேறொரு மரபணுவின் கதை, அதுவும் இதுபோல ஒளிந்தே வரும். இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மஞ்சள் லேப்புக்குக் கருப்புக் குட்டி பிறந்தால் அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். இரண்டு பக்கமும் பழுதான பிரதிதான் இருக்கிறது. கருப்பு எங்கிருந்து வரும்? என் கிளினிக்கில் இந்த இரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொண்டு, சந்தேகப்பட வேண்டியவர் சிரித்த முகத்தோடும், பட வேண்டாதவர் வாடிய முகத்தோடும் வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

தெருநாய்க் குற்றச்சாட்டை இன்னொரு கோணத்தில் பாருங்கள். லேப்ரடார்களில் கருப்பை மேலோங்கச் செய்யும் இன்னொரு மரபணு ஏறக்குறைய எல்லா நாய்களிலும் இரட்டையாக இருக்கிறது. நம் தெருவில் திரியும் செவலை நாய்க்கு அது பெரும்பாலும் கிடையாது. அதன் செவலை வேறு வழியில் வந்த செவலை. அந்த நாய் உங்கள் கருப்புப் பெட்டையோடு சேர்ந்தால் பிறக்கும் குட்டி வழக்கமாக என்ன நிறத்தில் இருக்கும்? செவலை இல்லை, கருப்பு. தாயின் கருப்பு ஏறி உட்கார்ந்துவிடும். ஆகப் பக்கத்து வீட்டுக்காரர் சந்தேகப்பட வேண்டும் என்றே முடிவு செய்தால், மஞ்சள் குட்டிகளை விட்டுவிட்டுக் கருப்புக் குட்டிகளைத்தான் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், புதுப் பிரச்சினை கிளம்பும்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. மஞ்சள் குட்டியை நல்ல வெளிச்சத்தில் வைத்து, முதுகு, வால் நுனி, வாயைச் சுற்றி, காது ஓரம் எல்லாம் முடியைப் பிரித்துப் பாருங்கள். லேப்ரடாரின் மஞ்சளில் கருப்பு முடியே இருக்காது. மூக்கும் கண் ஓரமும் கருப்பாக இருக்கலாம், அது தோல். தெருநாய்ச் செவலையில் முதுகிலும் வால் நுனியிலும் கருப்பு நுனி முடிகள் கலந்திருப்பது, முகவாய் கறுத்திருப்பது சகஜம். முதல் சில வாரம் குட்டிகளின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். கருப்பு முடி இருந்தால் யோசிக்க வேண்டும். இல்லை என்பதற்காகத் தகப்பன் உறுதியாகிவிடவில்லை. மஞ்சளுக்கான அந்தப் பழுதான பிரதி மற்ற இனங்களிலும், நம் தெருநாய்கள் சிலவற்றிலும் உண்டு. இன்னொன்று: பருவத்தில் இருக்கும் பெட்டை இரண்டு ஆண் நாய்களோடு சேர்ந்தால் ஒரே ஈத்தில் இரண்டு தகப்பனின் குட்டிகள் பிறக்கலாம். இணை சேர்த்த நாள் மட்டும் கவனித்துவிட்டு, அடுத்த நாலைந்து நாள் மாடியிலோ தெருவிலோ தனியாக விட்டிருந்தால் அந்த வாய்ப்பை நான் தள்ள மாட்டேன். விட்டீர்களா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். சந்தேகம் தூங்கவிடவில்லை என்றால் தாய், தகப்பன், குட்டி மூன்றுக்கும் டிஎன்ஏ பரிசோதனை செய்யலாம். கண் பார்வைக்கு அதற்கு மேல் சக்தி இல்லை, அனுபவசாலி என்று சொல்லிக்கொள்ளும் என் கண்ணுக்கும் சேர்த்துத்தான்.

நெஞ்சில் வெள்ளைப் பொட்டுக்குப் பயமே வேண்டாம். செயின்ட் ஜான்ஸ் நாயின் நெஞ்சு வெள்ளை என்று மேலே சொன்னேன் அல்லவா? கருப்பு லேப்பின் நெஞ்சில் சின்ன வெள்ளைப் பொட்டை இன விதிகளே அனுமதிக்கின்றன. விற்பவர்கள் அந்தக் குட்டியைக் குறைந்த விலைக்குத் தள்ளுவது வழக்கம். என்னைக் கேட்டால், எட்டிலும் முப்பாட்டன் சாயல் கொஞ்சம் தெரியும் குட்டி அதுதான்.

பூர்வீகம் இன்னொரு இடத்திலும் எட்டிப் பார்க்கிறது, அது சோற்றுத் தட்டு. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் டிஎன்ஏவின் 14 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்லும் செய்தி அந்த நாய்களுக்குச் சரியாகப் போவதில்லை. விடுபட்ட பிரதி ஒன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய 2 கிலோ எடை கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். அவர்கள் சோதித்த மற்ற இனங்களில் இதே குறை ஃப்ளாட் கோட்டட் ரிட்ரீவருக்கு மட்டுமே இருந்தது. அதனால் இது இரண்டுக்கும் பொதுவான அந்தத் தீவு நாயிடம் இருந்தே வந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம். குளிர்கடலில் நாளெல்லாம் நீந்தும் நாய்க்குக் கிடைத்ததை எல்லாம் தின்னும் குணம் வரம். திருநகர் வீட்டில் காலையில் இட்லி, மதியம் தயிர்சாதம், சாயங்காலம் பால் பிஸ்கட், பெரியவர் கையால் ராத்திரி இன்னொரு கவளம் என்றால் மூன்று வயதில் இடுப்பு மூட்டு தேய்ந்து என்னிடம்தான் வரும். லேப் கேட்கிற பார்வைக்கு இரங்காத வீட்டை நான் இதுவரை பார்க்கவில்லை. குட்டி கொடுக்கும்போது வாங்குபவரிடம் அளவுக் கிண்ணம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வெயில் பற்றி வந்தவர் சொன்னதில் பாதி சரி என்றேன். லேப் பனியில் மட்டுமே பிழைக்கும் என்பது தப்பு. தலைமுறை தலைமுறையாக நம் நாட்டிலேயே பிறந்து வளரும் லேப்புகள்தான் இங்கே இருப்பவை. ஆனால் அந்த அடிமுடி, குளிர்ந்த கடலுக்கு அமைந்தது. சித்திரை வைகாசியில் 40 டிகிரி தொடும் மதுரை மத்தியானத்தில் அதைத் தார்ரோட்டில் நடத்துவதும், மொட்டை மாடியில் கட்டிப்போடுவதும் கொலைக்குச் சமம். விடிகாலையிலும் பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகும் மட்டும் நடை. பந்து போட்டால் லேப் தானாக நிறுத்தாது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். கடும் ஓட்டத்துக்குப் பிறகு பின்னங்கால் துவண்டு விழும் ஒரு பரம்பரைக் கோளாறும் இந்த இனத்தில் இருக்கிறது. கோடை என்று முடியை மழித்துவிடாதீர்கள், வெயில் நேரே தோலில் அடிக்கும். நன்றாகச் சீவி உதிர்முடியை எடுத்தால் போதும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வழிந்து, நடை தள்ளாடினால் ஆட்டோவைத் தேடுவதற்கு முன்னால் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். அப்புறம் மருத்துவரிடம் கிளம்புங்கள்.

கடைசியாக விற்பனை. தாய், தகப்பன் இரண்டுக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவு இருந்தால் எட்டுக் குட்டியையும் ஒரே ஈத்தாகப் பதிவு செய்யுங்கள். மஞ்சள், கருப்பு இரண்டும் அங்கீகரிக்கப்பட்ட நிறங்கள்தான். ஒன்றுக்காவது பதிவு இல்லை என்றால், லேப் குட்டி, காகிதம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். மஞ்சளுக்கு "ஒரிஜினல் கனடா" என்று கூடுதல் விலை வைக்கச் சொல்லும் நண்பரின் யோசனையைக் கேட்காதீர்கள். அடுத்த ஈத்துக்கு முன்பு இரண்டு நாய்களுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். நிறத்தைப் பற்றி இத்தனை பேர் பேசிய உங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. மஞ்சள் குட்டிகளின் மூக்கு கொஞ்ச நாளில் வெளிறி இளஞ்சிவப்பாகலாம், சிலதுக்கு அப்படியே நின்றுவிடும். அதற்கும் பக்கத்து வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.